எங்கும் போகாத கப்பலுக்கு ஒரு பரஸ்தானம்

என் மாமாவைக் கல்யாணத்துக்குப் பிடிப்பது எங்கள் வீட்டில் வருடக் கணக்காக நடந்துகொண்டிருந்த வேலை. கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் என்பார்களே, அது அம்மாவின் இந்தத் தம்பிக்காகவே சொல்லி வைத்தது. எடிசனில் ஒரு பெண்ணைப் பார்க்க நாள் குறித்தால், அன்றைக்கென்று அவருடைய ஆபீஸில் கம்ப்யூட்டர் படுத்துவிடும். அடுத்த முறை பிலடெல்பியாவில் ஏற்பாடு செய்தால் காய்ச்சல் வந்துவிடும். தெர்மாமீட்டரை மேஜை விளக்கின் பல்பில் ஒட்டிப் பிடித்துக் காய்ச்சலை வரவழைத்ததைக் கண்ணால் பார்த்தவள் நான். ஒரு சாக்லேட்டை வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன். அப்போது எனக்கு ஒன்பது வயது. நியூஜெர்சியில் ஐசலினில் வாடகை வீடு. அப்பா, அம்மா, நான், எங்களோடு மாமா.

ஆனால் அம்மா லேசுப்பட்டவள் இல்லை. எண்பதுகளின் நடுவில் ஒரு கோடைக்காலம். டெக்ஸாஸிலிருந்து ஒரு டாக்டர் குடும்பம் விடுமுறைக்கு நியூயார்க் வருகிறது, அவர்களுக்குக் கல்யாண வயதில் பெண் இருக்கிறாள், மூவரும் கப்பலில் போகப்போகிறார்கள் என்று அம்மாவுக்குத் தகவல் வந்தது. அது ஒரு விசித்திரமான கப்பல். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நியூயார்க்கில் கிளம்பி, எந்த ஊருக்கும் போகாமல் கடலில் சும்மா சுற்றிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பிய இடத்திலேயே வந்து நிற்கும். காசு கொடுத்து எங்கும் போகாமல் வருவதற்கு ஒரு கப்பலா என்று அப்பா அசந்து போனார். அம்மா அசரவில்லை. நமக்கும் டிக்கெட் எடுங்கள் என்றாள்.

சாப்பாட்டு மேஜையில் தம்பிக்கு நேராக உட்கார்ந்து, ரசத்தை ஊற்றியபடியே சொன்னாள்: "நடுக்கடல்ல எங்கடா ஓடுவே?"

மாமா ரசத்தைக் குடித்தார். "வரேன் அக்கா" என்றார். அவ்வளவு சுலபமாகச் சொன்னது அம்மாவுக்கே கொஞ்சம் ஏமாற்றமாக இருந்திருக்கும். பேசுவதற்கு இன்னும் நிறைய வைத்திருந்தாள்.

அதன் பிறகு மாமா ஆளே மாறிவிட்டார். அப்பா காரில் போகலாம் என்றார். மாமாதான் கூடாது என்றார். ஃப்ரீவேயில் கொதித்து நிற்கிற கார் அது, சுரங்கப்பாதைக்குள் நின்றுவிட்டால் கப்பல் காத்திருக்காது. நடந்து போகிற தூரத்தில் ஸ்டேஷன் இருக்கிறது, ரயில் நேராக நியூயார்க்கில் இறக்கிவிடும், அங்கிருந்து டவுன் பஸ்ஸில் துறைமுகம். மெட்ராஸ் சென்ட்ரலில் மூட்டை முடிச்சோடு அன்ரிசர்வ்டு பெட்டியில் ஏறியவருக்கு இதெல்லாம் ஒரு பிரயாணமா அத்தான் என்று அப்பாவை உசுப்பிவிட்டார். அப்பாவை எதில் தட்டினால் சத்தம் வரும் என்று மாமாவுக்குத் தெரியும். ரயில் என்று முடிவாயிற்று.

ரயில் நேரத்துக்குப் பதினொரு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகு காலம் என்பது அம்மாவுக்கு ஞாபகம் வந்தது. கல்யாண காரியம் வேறு.

"ராகுவும் நம்ம கூட விசா வாங்கிட்டு வந்துட்டானா?" என்றார் அப்பா.

வழக்கமாக இந்த மாதிரிப் பேச்சுக்கு முதலில் சிரிப்பவர் மாமா. அன்றைக்குச் சிரிக்கவில்லை. "அதுக்குத்தான் பரஸ்தானம் இருக்கே அக்கா" என்றார்.

நல்ல நேரத்திலேயே ஒரு பையைக் கொண்டுபோய் வேறொருவர் வீட்டில் வைத்துவிட்டால், பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பிறகு எந்த நேரத்தில் கிளம்பினாலும் தோஷமில்லை. போகிற வழியில் பையை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். ஊரில் பெரியவர்கள் செய்வது இது. பஞ்சாங்கத்தைப் பார்த்தாலே கேலி பேசுகிற தம்பியின் வாயிலிருந்து இது வந்ததும் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "கல்யாணம்னதும் பொறுப்பு வந்துடுச்சு பாருங்க" என்று அப்பாவிடம் சொன்னாள். எனக்கும் மாமாவை நினைத்துப் பெருமையாக இருந்தது.

பையை வைக்கும் வீட்டையும் மாமாவே சொன்னார். ஸ்டேஷன் போகிற வழியில் இருந்த சிலோன் ஆன்ட்டி வீடு. யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவர்கள். ஆன்ட்டியும் அங்கிளும் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார்கள். இலங்கையில் கலவரம் நடந்த பிறகு ஆன்ட்டியின் தங்கை வந்து அவர்களோடு இருந்தார். அங்கிளுக்கு முதுகு வலி என்பதால் சனிக்கிழமைதோறும் மாமாதான் போய் அந்த வீட்டுப் புல்லை வெட்டிக் கொடுப்பார். எங்கள் வீட்டுப் புல் முழங்கால் வரை வளர்ந்து நின்றது, அது வேறு விஷயம். பரஸ்தானப் பையை ஏசு படத்துக்குக் கீழே வைக்கலாமா என்று அம்மா ஒரு நிமிடம் யோசித்தாள். வேறு தமிழ் வீடு பக்கத்தில் இல்லாததால் சரி என்றாள்.

நீலப் பை ஒன்று தயாரானது. பயணம் போகிறவருடைய துணி அதில் இருக்க வேண்டும் என்பதால் மாமாவின் புது கோட்டு சூட்டை மடித்து வைத்தாள். அதன் மேல் பெண் வீட்டாருக்காக ஒரு டின் நிறைய முறுக்கு. கை முறுக்கு. இரண்டு நாள் உட்கார்ந்து சுற்றியது. ஒன்றைக்கூட எனக்குத் தரவில்லை. மாமா பத்தரைக்கு முன்பே பையைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். வழியில் அதை எடுத்துக்கொள்ளும் பொறுப்பு என்னுடையது. மற்ற எல்லோருக்கும் இரண்டு கையிலும் சுமை இருந்தது.

அந்தக் காலத்துப் பெட்டிகளுக்குச் சக்கரம் கிடையாது. அப்பா ஒவ்வொரு பெட்டியின் கைப்பிடியிலும் சிவப்புத் துணி கட்டி, நடுவில் பெல்ட் போட்டு இறுக்கியிருந்தார். அம்மா பட்டுப் புடவையும் கான்வாஸ் ஷூவுமாக, ஒரு கையில் தயிர் சாதம் வைத்த ஒயர்க் கூடையோடும் மறு கையில் தண்ணீர் ஜாடியோடும் நடந்தாள். கப்பலில் நாள் பூராவும் சாப்பாடு போடுவார்கள் என்று சொன்னதை அவள் நம்பவில்லை. தெரு முனை வந்ததும் மாமா, "நீங்க நேரா ஸ்டேஷன் போங்க, நானும் குட்டியும் பையை எடுத்துட்டு வந்துடறோம்" என்றார்.

கதவைத் திறந்தவர் ஆன்ட்டியின் தங்கை. மற்றவர்கள் வேலைக்குப் போயிருந்தார்கள். "வாங்கோ. பிள்ளைக்குக் கேக் தரட்டோ?" என்று கேட்டார். பெரிய துண்டு. இரண்டு கையாலும்தான் பிடிக்க முடிந்தது. மாமா பெட்டிகளைக் கீழே வைத்துவிட்டு வாசல் நிலையில் சாய்ந்துகொண்டார். எங்கள் வீட்டில் மூச்சு விடாமல் பேசுகிற மனிதர் அங்கே ஒன்றும் பேசவில்லை. "ரயிலுக்கு நேரமாகுதெல்லோ?" என்று கடைசியில் ஆன்ட்டியின் தங்கைதான் சொன்னார். உடனே மாமா பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு, "குட்டி, ஓடு! ரன்!" என்று கத்தினார். நான் கேக்கோடு ஓடினேன்.

ரயில் ஏறியதும் அப்பா உருப்படி எண்ணினார். எந்த வண்டியில் ஏறினாலும் ஒவ்வொன்றையும் விரலால் தொட்டு எண்ணுவார், என்னையும் சேர்த்து. ஒன்று குறைந்தது. மறுபடியும் எண்ணினார். அப்புறம் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் கை முழுக்க கேக்கின் ஐசிங் ஒட்டியிருந்தது.

"பை எங்கடி?" என்றாள் அம்மா.

மாமா நெற்றியில் படீரென்று அடித்துக்கொண்டார். "ஐயையோ, சூட்டு! அக்கா, ஜீன்ஸோட போய் எப்படி நிக்கறது? முறுக்கும் அதுலதானே!" அடுத்த ஸ்டேஷனில் இறங்கித் திரும்பி ஓடி, அடுத்த வண்டியைப் பிடித்து நேராகத் துறைமுகத்துக்கே வந்துவிடுவதாகச் சொன்னார். "ஓடுடா, ஓடு" என்று அம்மாவே கதவு வரை தள்ளிக்கொண்டு போனாள். இறங்குவதற்கு முன் மாமா என் பக்கம் குனிந்து, "உன் மேல தப்பே இல்ல குட்டி" என்றார். பிளாட்பாரத்தில் நின்று கையாட்டியபோது அவர் முகமெல்லாம் சிரிப்பு. எனக்கு ஆறுதல் சொல்லத்தான் சிரிக்கிறார் என்று நினைத்து இன்னும் பலமாக அழுதேன்.

அதற்கப்புறம் மாமாவின் சுமையும் அப்பா தலையில் விழுந்தது. நியூயார்க் ஸ்டேஷனின் படிக்கட்டில் ஒரு பெட்டியைப் பத்துப் படி ஏற்றி வைத்துவிட்டு, இறங்கி அடுத்ததைத் தூக்கிக்கொண்டு போவார். ஏற்றியதற்குக் காவல் நான், கீழே இருப்பதற்கு அம்மா. டவுன் பஸ்காரர் எங்கள் பெட்டிகளைப் பார்த்துத் தலையில் கை வைத்தார். அப்பா அசைந்து கொடுக்கவில்லை. மெட்ராஸ் பஸ்ஸில் ஏறுவது போலவே, முன் சீட்டில் இருந்த பெரியவர் கையில் ஒரு பெட்டியைக் கொடுத்தார். அவர் என்ன ஏது என்று தெரியாமலே வாங்கிப் பக்கத்து ஆளிடம் கொடுக்க, பெட்டிகள் கை மாறி கை மாறிப் பின்னால் போய்ச் சேர்ந்தன. அம்மா பெரிய பெட்டியின் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். ஆற்றங்கரையில் வெள்ளைக் கப்பல் தெரிந்ததும், "பாத்தியா, டாக்ஸி எதுக்கு?" என்றார் அப்பா. சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

டாக்டர் குடும்பம் அங்கே காத்துக்கொண்டிருந்தது. "பையன் எங்கே?" என்றார் டாக்டர். "வந்துட்டே இருக்கான்" என்றாள் அம்மா. ஒவ்வொரு பஸ் வந்து நின்றபோதும் அதையே சொன்னாள். கடைசியில் கப்பல்காரர்கள் கதவை மூட வேண்டும் என்றார்கள். நாம் இருந்துவிடலாமா என்று அப்பா மெல்லக் கேட்டார். "நாமளும் போகலைன்னா முகத்துல முழிக்க முடியுமா?" என்று சொல்லிவிட்டு அம்மா தலையை நிமிர்த்திக்கொண்டு ஏறினாள். கப்பல் சங்கு ஊதியது. ஒரு கேக்குக்கு ஆசைப்பட்டு மாமாவின் கல்யாணத்தையே கெடுத்துவிட்டேன் என்று உறுதியாக நம்பினேன்.

கப்பலில் உண்மையாகவே நாள் பூராவும் சாப்பாடு போட்டார்கள். எனக்கு எதுவும் இறங்கவில்லை. டாக்டரின் பெண்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போய் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தாள். "ஐ ஆம் சாரி" என்றேன். எதற்கு என்றாள். சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து நாற்காலிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா அப்போது எங்களுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தாள்.

மறுநாள் சமைக்க அடுப்பில்லாமல், போக இடமில்லாமல், அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெகு நேரம் கழித்து அப்பாவிடம், "முதுகு வலிக்காரர் போன வாரம் மாடிக்கு சோபாவைத் தூக்கிட்டுப் போனாராமே, உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். அப்பா தூரத்தில் ஏதோ மீன் குதிப்பதாகச் சொன்னார். எனக்கு மீன் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை துறைமுகத்தில் மாமா நின்றுகொண்டிருந்தார், கையில் நீலப் பையோடு. அம்மா அவரைத் திட்டவில்லை. பையை வாங்கி அங்கேயே ஒரு பெட்டியின் மேல் வைத்துத் திறந்தாள். சூட்டு அப்படியே இருந்தது. டின்னைத் திறந்தாள். முறுக்கில் ஒன்றுகூட இல்லை. அதற்குப் பதில் உருண்டையாக, வெள்ளை மாவில் தோய்த்துச் சுட்ட ஒரு பலகாரம் அடுக்கி வைத்திருந்தது. யாழ்ப்பாணத்துப் பயத்தம் பணியாரம் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பி அனுப்பும் வழக்கம் அவர்களுக்கும் இல்லை.

அம்மா ஒன்றை எடுத்துக் கடித்தாள். மென்றுகொண்டே இருந்தாள்.

"கப்பலை விட்டுட்டியேடா" என்றாள்.

"நான்தான் வெள்ளிக்கிழமை பையை வெச்சப்பவே கிளம்பிட்டேனே அக்கா" என்றார் மாமா.

"முறுக்கு அவளுக்குப் பிடிச்சிருந்துதா?"

மாமா தலையை மட்டும் ஆட்டினார். கண்ணில் தண்ணீர் வந்திருந்தது. முறுக்கு தீர்ந்ததற்கா இவ்வளவு அழுகை என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. தீர்ந்ததற்கு அழ வேண்டியவள் நான்.

ஐசலினில் இறங்கியதும் அம்மா அப்பாவிடம், "நீங்க பெட்டியோட வீட்டுக்குப் போங்க" என்றாள். நானும் மாமாவும் அவள் பின்னால் நடந்தோம். ஆன்ட்டி வீட்டு வாசலில் நின்று, கசங்கியிருந்த பட்டுப் புடவையின் மடிப்பை நீவினாள். கைப்பையிலிருந்து சீப்பை எடுத்து எனக்கும் தலை சீவிவிட்டாள். பையை மறந்துவிட்டு வந்தது யார் என்று விசாரிக்கத்தான் கூட்டி வந்திருக்கிறாள் என்று புரிந்துகொண்டேன். கேக்கை நான் கேட்கவில்லை, அவர்களாகத்தான் கொடுத்தார்கள் என்று சொல்வதற்கு வார்த்தைகளைத் தயார் செய்துகொண்டேன்.

ஆன்ட்டியின் தங்கைதான் கதவைத் திறந்தார். அம்மாவைப் பார்த்ததும் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். அம்மா அவரை உச்சி முதல் பாதம் வரை நிதானமாகப் பார்த்தாள். "உள்ள கூப்பிட மாட்டியாம்மா?" என்றாள்.

எல்லோரும் உட்கார்ந்தார்கள். காபி வந்தது. எந்த ஊர், அப்பா அம்மா எங்கே, என்ன படித்தாய், முறுக்கு சுற்ற வருமா என்று அம்மா கேட்டுக்கொண்டே போனாள். எப்போது என் முறை வரும் என்று சோபா நுனியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தேன். இருட்டும் வரை இருந்தோம். பையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.