நாய் அறைக்கு வந்த இரும்புக் கதவு

சத்தியமாக நடந்தது. சிவகாசியில் இதைச் சொன்னால் பாதிப்பேர் சிரிப்பார்கள், மீதிப்பேர் பேச்சை மாற்றுவார்கள். பேச்சை மாற்றுகிறவர்களுக்குச் செந்தூர்பாண்டியைத் தெரியும்.

செந்தூர்பாண்டி பட்டாசு முதலாளி. எச்சில் கையால் காக்காய் ஓட்டாத மனுஷன். தாயில்பட்டிப் பக்கம் இருந்த அவர் கம்பெனியில், சித்திரை மாதம் ஒரு அறை தீப்பிடித்து ஐந்து பெண்கள் செத்தார்கள். துக்கம் கேட்க வந்தவர்களிடம் இவர் சொன்னதைக் கேளுங்கள். "கதவு தெறந்துதான் இருந்துச்சு. தீப்பிடிச்சா வெளிய ஓடணும்னு தெரிய வேண்டாமா? நாய்க்கு இருக்கிற அறிவுகூடக் கெடையாது." போர்மேன் பாலகுருவுக்கு மூன்று வாரம் சிறை. முதலாளிக்கு முன்ஜாமீன். கம்பெனிக்குப் பூட்டு விழுந்ததும் பாலகுரு முதலாளி வீட்டுத் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்ச வந்துவிட்டார். வேறு யார் வேலை தருவார்கள்?

முதலாளியின் மகள் ஐஸ்வர்யா மட்டும் நேராகக் கேட்டாள். "கதவு நெசமாவே தெறந்திருந்துச்சாப்பா?" அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவருக்கு மகள் தலை எம்மாத்திரம். ஆனால் ஒன்று, உலகத்தில் அவர் பயந்தது அவளுக்கு மட்டும்தான். அவள் நம்பினாள். வேலை விஷயமாகச் சிங்கப்பூர் போகும்போது தன் நாயை அவரிடம் விட்டுப் போனாள்.

"சீசர் ரோட்டுக்கு ஓடி ஏதாவது ஆச்சுன்னா, நான் இந்த வீட்டுப் படி ஏற மாட்டேம்பா."

ராஜபாளையத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வெளிநாட்டு நாய். அதுவும் ஓலைவெடிச் சத்தத்துக்கே சோபாவுக்கு அடியில் ஓடுகிற நாய். அதற்குத் தோட்டத்தில் வேப்பமரத்தடியில் செங்கல் அறை கட்டினார். மின்விசிறி. மகள் அங்கிருந்தே பார்க்க ஒரு கேமரா. வாசலில் இரண்டு மணல் வாளி வேறு! கம்பெனியில் இதே வாளிகள் ஓட்டையாகக் கிடந்தன. கதவுக்கு வரும்போதுதான் பழைய புத்தி வந்தது.

"புதுக் கதவு எதுக்குலே? கம்பெனியில சும்மா கெடக்குறதுல ஒண்ணத் தூக்கிட்டு வா."

பாலகுரு கம்பெனிக்குப் போனார். கனமான இரும்புக் கதவு ஒன்றைக் கொண்டுவந்தார். வெளிப்பக்கம் தாழ்ப்பாள். பச்சைப் பெயிண்ட் அடித்து மாட்டினார்.

திங்கட்கிழமை. உச்சி வெயில். மணி 12.10.

டொம்... டொம்... டொம்...

உள்ளிருந்து கதவைத் தட்டும் சத்தம். செந்தூர்பாண்டி எட்டிப் பார்த்தார். கதவு திறந்து கிடந்தது. சீசர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தது. யாரோ தடவிக்கொடுப்பதுபோல் கண்ணை மூடி, வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. அங்கிருந்து கேட்டுக்குப் பத்தடி. கேட்டுக்கு வெளியே லோடு லாரிகள்.

"தாப்பாளப் போடலயாலே?"

"போட்டேன் மொதலாளி."

செவ்வாய்க்கிழமை முதலாளியே பூட்டுப் போட்டார். சாவி அவர் இடுப்பில். 12.10க்கு அதே மூன்று தட்டு. போய்ப் பார்த்தால் பூட்டு தரையில் கிடந்தது. பூட்டியபடியே. கதவு திறந்திருந்தது. தாழ்ப்பாளைத் தொட்டவர் கையை உதறினார். மரநிழலில் இருந்த இரும்பு, அடுப்பாய்ச் சுட்டது.

பயந்தாரா? அதுதான் இல்லை. "செத்தவளுக வீட்டு ஆளுக வேலை இது. திங்கிறதுக்கு வக்கில்ல, எனக்கு வேடிக்கை காட்டுறானுக" என்று காறித் துப்பினார். மகளுக்குப் போன் போட்டார். "நாளைக்குக் கேமராவப் பாத்துக்கிட்டே இரு. நான் உள்ளயே உக்காந்து அவனைப் பிடிக்கிறேன்."

புதன்கிழமை 11.55. பிளாஸ்டிக் நாற்காலியோடு உள்ளே போனார். கதவை இழுத்துச் சாத்தினார். சீசரின் சங்கிலி கையில்.

12.08. மின்விசிறி நின்றது.

12.09. சீசர் எழுந்தது. கதவைப் பார்த்து வாலை ஆட்டியது.

12.10.

கிரீச்...

வெளியே தாழ்ப்பாள் விழுந்தது.

இருட்டு. கையில் சங்கிலி லேசானது. இழுத்தார். நுனியில் ஒன்றுமில்லை.

சீசர் குரைத்தது.

உள்ளே இல்லை... வெளியே.

கதவைத் தள்ளினார். அசையவில்லை. பட்டாசு மருந்து வாசனை வந்தது. இரும்பு சூடேறியது. இரண்டு கையாலும் அடித்தார்.

டொம்... டொம்... டொம்...

"ஏலே பாலகுரு! தெறலே!"

பின்னால் யாரோ மூச்சு விட்டார்கள்.

ஒருவர் அல்ல.

காதருகே ஒரு பெண் குரல்...

"சத்தம் காட்டாதீக மொதலாளி... ஆபீசர் இன்னும் போகல..."

பாலகுரு வந்து தோளைத் தொட்டபோது மணி 12.21. ஊரை மிரட்டிய முதலாளி வேட்டியை நனைத்துக்கொண்டு மண்டி போட்டிருந்தார்.

"எம்புட்டு நேரமாக் கத்துறேன்! கதவத் தெறக்க இம்புட்டு நேரமாலே?"

"தெறந்துதான கெடக்கு மொதலாளி."

போன் அடித்தது. ஐஸ்வர்யா. அழுதுகொண்டிருந்தாள். கேமராவில் அவள் பார்த்தது இதுதான். 12.10க்குக் கதவு தானாக விரியத் திறந்து சுவரில் சாய்ந்தது. சீசர் நிதானமாக வெளியே நடந்தது. அப்பா மட்டும் திறந்த வாசலில் நின்று, பதினொரு நிமிடம், முன்னால் இல்லாத ஒன்றை அடித்துக்கொண்டே இருந்தார்.

"கதவு தெறந்துதானப்பா இருந்துச்சு... ஏன் வெளிய வரல?"

பாலகுரு முதலாளி கையிலிருந்து போனை வாங்கினார்.

"பாப்பா, இது தீப்பிடிச்ச ரூம் கதவு. அன்னிக்கு ஆபீசர் சோதனைக்கு வந்தாரு. அளவுக்கு மேல இருந்த பொம்பளையாளுகள உள்ள விட்டுப் பூட்டச் சொன்னாக உங்கப்பா. சத்தம் காட்டாதீகன்னு சொல்லி, பன்னெண்டு பத்துக்குத் தாப்பாப் போட்டது நான்தான். உள்ள தீப்பிடிச்சு, தெறக்க முடிஞ்சது பன்னெண்டு இருபத்தொண்ணுக்கு. என் தங்கச்சி சின்னத்தாயும் உள்ளதான் இருந்தா."

போன் துண்டிக்கப்பட்டது.

நான்காம் நாள் ஐஸ்வர்யா வந்தாள். கேட்டுக்கு வெளியே நின்றபடியே நாயை வாங்கிக்கொண்டாள். அப்பா முகத்தைப் பார்க்கவில்லை. வண்டியில் ஏறும் முன் சீசர் மட்டும் வேப்பமரத்தடியைத் திரும்பிப் பார்த்து வாலை ஆட்டியது. அங்கே யாருமில்லை.

செந்தூர்பாண்டியின் இரண்டு உள்ளங்கையும் தோல் உரிந்து வெந்திருந்தன. கட்டுப் போட்ட டாக்டர் உள்ளூர்க்காரர், இந்தக் காயத்தை ஆயிரம் பார்த்தவர்.

"பட்டாசு மருந்துல வெந்த கைங்க இது. எப்ப கம்பெனிக்குப் போனீங்க?"

அவர் கம்பெனிப் பக்கம் போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. கேமராவில் அவர் அடித்ததோ வெறும் காற்றை.