நாலு மணி நேர டயாலிசிஸும் ஹிந்திப் படமும்

1. கழட்டச் சொன்னவர்

ஏழுமலை அண்ணனை அன்று ஸ்ட்ரெச்சரில்தான் கொண்டுவந்தார்கள். நுரையீரலில் நீர் கோத்து மூச்சு விட முடியவில்லை. முந்தின முறை நாலு மணி நேர டயாலிசிஸில் இரண்டாவது மணியிலேயே சண்டை போட்டு எழுந்து போனவர். திண்டிவனத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நான் டயாலிசிஸ் டெக்னீஷியன். விழுப்புரத்திலிருந்து தினமும் ரயில். இத்தனை வருடத்தில் இவரளவுக்கு என்னிடம் மல்லுக்கு நின்றவர் கிடையாது.

ஒலக்கூர் பக்கம் சொந்த நிலம் அவருக்கு. "மல்லாட்டைய காயப் போட்டுட்டு வந்துக்கிறேன், கழட்டி வுடும்மா" என்பார். நிலக்கடலை விளையாத மாதத்திலும் அதே மல்லாட்டைதான் காரணம்.

எப்படியோ பிழைத்தார். டாக்டர் என்னைக் கூப்பிட்டு, "இன்னொரு தடவ பாதியில எழுந்து போனா காப்பாத்த முடியாதும்மா. எப்படியாவது படுக்க வைங்க" என்றார். எப்படி? கட்டியா போட முடியும்?

2. ஊசிக் கை

வார்டு டிவியில் எப்போதும் அழுகை சீரியல். அதிலும் பாதி நேரம் யாராவது ஆஸ்பத்திரியில் கிடப்பார்கள். எங்கள் ஆட்களுக்கு அது தேவையா? ஒருநாள் எரிச்சலில் சேனலை மாற்றிக்கொண்டே போனேன். ஒரு ஹிந்திப் படம். ஹீரோ ஹெலிகாப்டரிலிருந்து ஓடுகிற ஜீப்பில் குதித்தான். சட்டைகூடக் கசங்கவில்லை. அடுத்த நிமிடம் பனிமலையில் ஹீரோயினோடு ஆடினான்.

"இன்னாம்மா இது, அநியாயமா கீது!" என்று ஏழுமலை அண்ணன் தலையைத் தூக்கினார்.

யாருக்கும் ஹிந்தி தெரியாது. ஆளுக்கொரு கதை சொன்னார்கள். பக்கத்துக் கட்டில் டீச்சரம்மா, "அந்தத் தாடிக்காரன் தொலைஞ்சு போன அண்ணன்ங்க" என்றார்.

"நீங்க வேற டீச்சர்! அவன்தான் இவன் அப்பனக் கொன்னவன்" என்றார் ஏழுமலை அண்ணன்.

சண்டையில் தாடிக்காரன் உருண்டதும், அண்ணன் ஊசி குத்திய கையையும் சேர்த்துத் தட்டிவிட்டார். மெஷின் அலறியது. ஓடிப்போய்ச் சரிசெய்தேன். அன்று போட்ட சட்டம் இன்றும் எங்கள் வார்டில் உண்டு: ஊசிக் கை அசையக் கூடாது, மறு கையால் தொடையில் தட்டலாம், விசில் தாராளமாக அடிக்கலாம்.

3. பத்து நிமிடம்

மணி பார்த்தேன். நாலு மணி நேரம் முடிந்திருந்தது. அதுவரை அவர் ஒருமுறைகூடக் கழட்டச் சொல்லவில்லை. நானே கழட்டப் போனேன். படத்தில் கிளைமாக்ஸ்.

"த்தோ, இரும்மா. இன்னும் பத்து நிமிஷம் வுடு. அவன் சாவட்டும்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. வாசலில் நின்ற அவர் மனைவி, வீட்டுக்குக் கிளம்பத் தூக்கிய பையைத் திரும்பக் கீழே வைத்தார்.

அதன் பிறகு அவர் பாதியில் எழுந்து போனதே இல்லை. இந்தப் படங்களில் லாஜிக் இல்லை என்று திட்டுகிறவர்கள் திட்டட்டும். எடுத்தவர்களை நேரில் பார்த்தால் நான் கையெடுத்துக் கும்பிடுவேன். புதிதாக வரும் டெக்னீஷியன்களுக்குச் சொல்வது இதுதான்: வெயிட் பாருங்கள், பிரஷர் பாருங்கள், அப்புறம் படத்தையும் பாருங்கள். விளம்பரத்தோடு சேர்த்து நாலாவது மணி வரை வில்லன் உயிரோடு இருக்க வேண்டும்.