அத்தைக்கு முடி எழுந்த நாள்

எங்கள் அத்தைக்குச் சாமி வருவது ஊரறிந்த சங்கதி. ஆடி மாதம் பம்பை அடித்தால் போதும், வந்துவிடும். அம்மாவுக்கு மட்டும் அதில் நம்பிக்கை கிடையாது. குழாயடிச் சண்டைக்குப் பிறகு நாத்தனாரோடு பேச்சும் கிடையாது.

நான் நான்காவது முடித்த கோடை விடுமுறை. கல்வராயன் மலையடிவாரத்தில் ஒரு மேட்டுக்காட்டுக்கு அம்மாவும் அத்தையும் இன்னும் நாலைந்து பெண்களும் மரவள்ளி பிடுங்கும் கூலிக்குப் போனார்கள். நானும் ஒட்டிக்கொண்டேன். மத்தியானம் மேகம் கருத்து மலையிலிருந்து இறங்கியது. மழை இல்லை, காற்றும் நின்றுபோனது. கையெல்லாம் எறும்பு ஊர்வதுபோல் இருந்தது.

அத்தை தலைத்துண்டை அவிழ்த்தாள். அவள் முடி இழை இழையாக மேலே எழுந்து, ஒன்றையொன்று பிடிக்காததுபோல் விலகி நின்றது.

“ஆத்தா வந்துட்டாடி! வுழுங்கடி கால்ல!” என்று ஒருத்தி கத்தினாள். எல்லாரும் மண்ணில் விழுந்தார்கள். பம்பை இல்லாமல் வந்த சாமியைக் கண்டு அத்தையே பயந்து குந்திவிட்டாள்.

அம்மா மட்டும் நின்றாள். வாய் திறந்திருந்தது, கண் இமைக்கவில்லை. இந்த நேரத்திலுமா வீம்பு என்று நினைத்தேன். ஆத்தா அம்மாவை அடித்துவிடுவாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. “வுழும்மா, வுழும்மா” என்று அழுதேன். அவள் அசையவில்லை. ஓடிப்போய் முழங்காலைக் கட்டி இழுத்தேன். இருவரும் கிழங்குக் குவியலோரம் விழுந்தோம்.

கண்ணுக்குள் வெள்ளையாக ஏதோ வெடித்தது. நிமிர்ந்தபோது வரப்போரப் பனை பிளந்து எரிந்துகொண்டிருந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதற்குப் பிறகு அத்தையின் மவுசு கூடிற்று. நானும் சும்மா இல்லை, வீம்பு பிடித்த அம்மாவைக் காப்பாற்றிய கதையைப் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன்.

ஒன்பதாவது படிக்கும்போது அறிவியல் டீச்சர் பலூனைத் தலையில் தேய்த்துக் காட்டினார். பலூன் முடியை இழுத்தது. ஒரே மின்னூட்டம் ஏறிய முடிகளோ ஒன்றையொன்று தள்ளின. இடிமேகமும் கீழே நிற்பவர்மேல் இப்படி மின்னூட்டத்தை வரவழைக்கும், முடி எழுந்தால் அடுத்து இடி விழலாம் என்றார். ஓட்டமாக வீட்டுக்கு வந்து, அத்தைக்கு அன்று வந்தது சாமியே இல்லை என்று அம்மாவிடம் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

அம்மா சிரிக்கவில்லை.

“அவள எவ பாத்தா? உன் தலமுடி இல்ல நட்டுக்கினு இருந்திச்சி. ஆத்தா உன்னத் தூக்கிக்கினு போவ வந்துட்டான்னு எனக்குக் காலே வரல” என்றாள்.

என் முடியும் எழுந்தது எனக்குத் தெரியவே தெரியாது. ஐந்து வருஷமாக அம்மாவின் அந்தப் பயத்தைத்தான் வீம்பு என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருக்கிறேன்.