தவிட்டுக்குப் போன பிள்ளை

போன கிழமை வரைக்கும், காலையில் எழுந்தால் என் மகன் என் முகத்தைத் தேடியதில்லை. பாயை விட்டு எழுந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு, வாய்க்காலைத் தாண்டிப் பக்கத்து வளவுக்குப் போவான். அங்கே முத்தாச்சி அக்காவிடம் முகத்தைக் காட்டிவிட்டு வந்துதான் என்னிடம் தேநீர் கேட்பான். மல்லாவிப் பக்கத்தில் இந்தக் குளத்துக் கொலனியில் காணி கிடைத்து நாங்கள் வந்து சில மாரிகள் போய்விட்டன. யானை வாழைகளை முறித்ததும் பழகிவிட்டது, குசினி அடுப்படியில் பாம்பு சுருண்டு கிடந்ததும் பழகிவிட்டது. நான் பெற்ற பிள்ளை விடியற்காலையில் இன்னொருத்தியின் படலையைத் திறப்பது மட்டும் பழகவேயில்லை.

நான் விட்டுவந்த யாழ்ப்பாணக் கடற்கரையில் இருக்கும் என் சகோதரிகளே, உங்களுக்கு இது விளங்குவது கஷ்டம். அங்கே ஒரு பிள்ளைக்கு ஒரு தாய், ஒரு ஞானத்தாய். ஞானத்தாய் பெருநாளுக்குச் சட்டை தைத்துக் கொடுப்பாள், நெற்றியில் சிலுவை வரைவாள், பிறகு தன் வீட்டுக்குப் போய்விடுவாள். என் மகன் அருளுக்கு மூன்றாவதாக ஒரு தாய் வாய்த்திருக்கிறார். அவர் எங்கும் போகிற ஆள் இல்லை. தலைமுறை தலைமுறையாக இந்தக் காட்டோரத்திலேயே இருக்கிற வன்னிச் சனம்.

அருள் தத்தித் தத்தி நடக்கத் தொடங்கிய காலம் அது. மாரி மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. அவனுக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்துவிட்டது. என் கணவர் சூசை, வைத்தியம் பார்க்கிற அப்போதிக்கரியைக் கூட்டிவரச் சைக்கிளில் போயிருந்தார். பாதையெல்லாம் வெள்ளம். நான் ஒரு கையில் பிள்ளையையும் மறு கையில் செபமாலையையும் பிடித்துக்கொண்டு கதறினேன். அப்போதுதான் முத்தாச்சி அக்கா நனைந்தபடி வந்து வாசற்படிக்கு வெளியே நின்றார். அவர் கையில் ஒரு சுளகு நிறையத் தவிடு.

"தங்கச்சி, பிள்ளையை எனக்கு வித்துப்போடு."

"என்னக்கா விசர்க் கதை கதைக்கிறீங்கள்?"

"விசர் இல்லை. உன்ர பிள்ளையைத் தேடித்தான் உந்தக் காத்துக் கறுப்பு வந்திருக்கு. இவன் உன்ர பிள்ளை இல்லையெண்டு கண்டால் போயிடும். நான் ரெண்டு பெத்தனான். ரெண்டும் காய்ச்சலிலை போச்சு. வாங்க ஆளில்லாமல் போச்சு."

நான் தவிட்டை வாங்கிக்கொண்டு பிள்ளையைப் படிக்கு மேலால் நீட்டினேன். "இனி இவன் என்ர பிள்ளை" என்று முத்தாச்சி அக்கா வெளியே பார்த்து உரக்கச் சொல்லிவிட்டு, வளர்க்கும்படி பிள்ளையை என்னிடமே தந்தார். பின்னேரம் அப்போதிக்கரி வந்து ஊசி போட்டார். பொழுதுபடக் காய்ச்சல் இறங்கியது. ஊசிதான் என்றார் சூசை. மாதா என்றேன் நான். முத்தாச்சி அக்கா பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். அதுதான் எனக்கு எரிச்சல்.

தவிட்டை மறுநாள் கோழிக்குப் போட்டுவிட்டேன். எனக்கென்ன தெரியும்? கரையில் பிள்ளைகளைச் சீண்டுவதற்குத்தான் "உன்னைத் தவிட்டுக்கு வாங்கினது" என்போம். இங்கே அந்தத் தவிட்டைப் பானையில் கட்டி வைத்து, பிள்ளைக்கு ஐந்து வயதானதும் திருப்பிக் கொடுத்துத்தான் பிள்ளையை மீட்பார்களாம். விலையைக் கோழி தின்றுவிட்டது என்று கேட்டு முத்தாச்சி அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அன்றிலிருந்து அவருக்கு அவன் "என்ர மகன்".

என் தங்கை கரையிலிருந்து கருவாடு அனுப்பினால் அவன் மூக்கைப் பொத்துகிறான். பனங்கிழங்கு மாவில் காய்ச்சிய ஒடியல் கூழை ஒரு வாய் குடித்துவிட்டுத் துப்புகிறான். முத்தாச்சி அக்கா வீட்டுக்குப் போய்க் குரக்கன் ரொட்டியைத் தேனில் தோய்த்து விரலையும் சேர்த்துச் சூப்புகிறான். பாலைப்பழம் எங்கே பழுத்திருக்கிறது என்று அவனுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. கடலை மறக்காத மூத்தவள் றீற்றா மண்ணில் அலை கீறிக் காட்டினால், "எங்கட குளத்தை விடப் பெரிசோ?" என்று கேட்கிறான். எனக்குக் குளத்தின் மேலும் பொறாமை வந்தது. சொல்ல வெட்கமில்லை.

பொறுக்க முடியாமல் ஒருநாள் நானும் ஒரு சுளகு புதுத் தவிட்டோடு அவர் வாசலில் போய் நின்றேன்.

"மாட்டுக்கே? நல்ல காலம், இங்கை முடிஞ்சு போச்சு. அந்தச் சாக்கிலை கொட்டிவிடு தங்கச்சி" என்றார்.

கொட்டிவிட்டு வந்தேன். சூசை கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். அவருக்கென்ன, அவரை மட்டும்தானே அப்பா என்று கூப்பிடுகிறான்!

மாதத்தில் ஒருமுறை ஓலைக் கொட்டிலில் எங்களுக்குப் பூசை நடக்கும். போன மாதம் புதுச் சாமியார் வந்தார். பிள்ளைகளின் தலையில் கைவைத்து ஆசீர்வதித்தபடி அருளிடம், "அம்மா ஆர் ராசா?" என்று கேட்டார். அவன் என்னைக் காட்டினான். பிறகு திரும்பி, நெற்றி நிறையத் திருநீற்றோடு கொட்டிலுக்கு வெளியே வெயிலில் நின்ற முத்தாச்சி அக்காவையும் காட்டினான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டினேன். வீட்டுக்கு வரும் வழியிலேயே, இவனைக் கரையில் என் தங்கை வீட்டில் விட்டுப் படிப்பிப்பது என்று முடிவெடுத்தேன். முத்தாச்சி அக்காவிடமும் வேலிக்கு மேலால் சொன்னேன். அவர் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும் என்றே சொன்னேன்.

போன கிழமை அவர் வந்தார். அருளை முழுகவார்த்து, தலை இழுத்து, கையில் பிடித்துக் கூட்டி வந்தார்.

"அஞ்சு வயசாகேல்லைத்தான். எண்டாலும் தூரத்துக்குப் போற பிள்ளை. வித்த பிள்ளையாய்ப் போகப்படாது. தவிட்டைக் கொண்டுவா."

கொண்டுவந்தேன். படிக்கு அந்தப் பக்கம் தவிடு போனது, இந்தப் பக்கம் பிள்ளை வந்தான். "இனி உன்ர பிள்ளை. நான் திரும்பிப் பாக்கப்படாது. நீயும் கூப்பிடாதை" என்று சொல்லிவிட்டுச் சுளகோடு போனார். நான் பிள்ளையை இறுக்கிக் கட்டிக்கொண்டேன். இதற்காகத்தானே இவ்வளவு காலமும் காத்திருந்தேன்!

மறுநாள் விடிய எழுந்து நேரே என்னிடம் வந்தான். "அம்மா, தேத்தண்ணி" என்றான். அங்கே முகத்தைக் காட்டாமல் கேட்டது இதுதான் முதல்முறை. கோப்பையைக் கொடுத்தேன். குடிக்காமல் பிடித்துக்கொண்டு நின்றான். நான் வாய்க்காலுக்கு அப்பால் பார்த்தேன். முத்தாச்சி அக்கா எங்களுக்கு முதுகைக் காட்டியபடி தன் வாசலில் குந்தியிருந்தார். முன்னால் அந்தச் சுளகு. தவிட்டைக் கொத்த வந்த கோழிகளைச் சேலைத் தலைப்பால் வீசி வீசித் துரத்திக்கொண்டிருந்தார்.

"போ ராசா. போய் முகத்தைக் காட்டிப்போட்டு வா" என்றேன். சொல்லும்போதும் எனக்குப் பொறாமைதான்.

அவன் ஓடினான். வாய்க்காலுக்குள் இறங்கியவன், முழங்கால் தண்ணீரில் நின்றுவிட்டான். முன்னால் திரும்பாத அவர் முதுகு, பின்னால் என் முகம். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். நான் பிறந்த கடற்கரையைப் பார்ப்பதும் இந்தக் காட்டைப் பார்ப்பதும் அப்படித்தான். அவன் எந்தப் பக்கம் ஏறப்போகிறான் என்று, தேநீர் ஆற ஆற, நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.