மூன்றாவது குரல்

இது நடந்தது. எனக்கே நடந்தது. நான் வீடு மாற்றிக் கொடுக்கும் வேலை செய்கிறவன். இருபத்திரண்டு வருஷமாக பீரோவும் கட்டிலும் ஃபிரிட்ஜும் தூக்கித்தான் பிழைக்கிறேன், கதை கட்டிப் பிழைக்கவில்லை. நம்புகிறவர்கள் நம்பட்டும். நம்பாதவர்கள், ஏரிப் பக்கம் மலிவாக வீடு பார்க்கப் போகுமுன் இதை ஒருதரம் படித்துவிட்டுப் போகட்டும்.

அந்த ஏரிப் பக்கம் குடியேறுவது நாலைந்து வருஷமாகவே ஒரு பைத்தியம் மாதிரி ஆகிவிட்டது. என் வண்டியில் மட்டும் பத்தொன்பது குடும்பங்களைக் கொண்டுபோய் இறக்கியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் எனக்கு வயிறு எரியும். நகரத்தில் நான் கொடுக்கிற வாடகைக்கு அங்கே கீழே மூன்று அறை, மாடியில் ஒரு அறை, ஜன்னலைத் திறந்தால் தண்ணீர், மரம், நல்ல காற்று. எங்களுக்கோ ஐந்தாவது மாடியில் ஒரே ஒரு அறை, ஒரு சமையல் மூலை. லிஃப்ட் ஓடிய நாளைவிட நின்ற நாள்தான் அதிகம். என் மகள் பரீட்சைக்குப் பாத்ரூமில் நாற்காலி போட்டு உட்கார்ந்து படித்தாள். வீட்டுக்குள் கதவு போட்ட இடம் அது ஒன்றுதான். சின்னவன் வெளியே நின்று அவசரம் என்று தட்டிக்கொண்டே இருப்பான்.

ஒருநாள் என் மனைவி பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டாள்.

"ஊருக்கெல்லாம் வீடு மாத்திக் குடுக்குறீங்க. நம்மள எப்பங்க மாத்தப் போறீங்க?"

சுருக்கென்றது. அடுத்த வாரமே தரகரைப் பார்த்துப் பேசி முடித்துவிட்டேன்.

போன வருஷம் டிசம்பர், ஒரு சனிக்கிழமை. சாமானை முதலில் கொண்டுபோய்ப் போட்டுவிடுவது, திங்கட்கிழமை பிள்ளைகளோடு குடிபோவது என்று திட்டம். வண்டியை நான் ஓட்டினேன். கூட வந்தது மூன்று பேர். கட்டையன், சோடாபுட்டி இரண்டு பேரும் என்னிடம் வேலை பார்க்கிற லோடுமேன்கள். மூன்றாவது என் மச்சினன். மனைவிக்கு ஒரே தம்பி. முப்பது வயது ஆள், ஆனால் சின்ன வயதிலிருந்தே வீசிங் உண்டு. தூங்கினால் மூச்சு விசிலடிக்கும். இந்தத் தூசி வேலை உனக்கு வேண்டாம் என்று எத்தனை தடவை சொன்னாலும் கேட்கமாட்டான்.

கிளம்பும்போது மனைவி கீழே இறங்கி வந்து வண்டியைப் பிடித்துக்கொண்டாள்.

"சாமான் உடைஞ்சாலும் பரவால்ல. தம்பியப் பத்திரமா கூட்டிட்டு வந்துடுங்க."

"உன் தம்பிய வேணும்னா பஞ்சுல சுத்தி, டேப் ஒட்டி எடுத்துட்டு வரேன். போதுமா?" என்றேன். எல்லோரும் சிரித்தோம்.

என்னிடம் ஒரு பழக்கம் உண்டு. வேலை முடிந்து வீட்டைப் பூட்டுமுன் வாசலில் நின்று "ஆள்!" என்று ஒரு சத்தம் போடுவேன். கட்டையன் "ஒண்ணு" என்பான். சோடாபுட்டி "ரெண்டு". மச்சினன் "மூணு". எந்த மூலையில் நின்றாலும் குரல் வந்தாக வேண்டும். பல வருஷம் முன்பு ஒரு லோடுமேன் காலி வீட்டில் அலமாரிக்குப் பின்னால் படுத்துத் தூங்கிவிட்டான். தெரியாமல் பூட்டிவிட்டு வந்துவிட்டோம். அவன் வெளியே வர ஒன்றரை நாள் ஆனது. அன்றைக்குப் பிடித்த பழக்கம் இது. ஆனால் குரலைத்தான் எண்ணுவேன், முகத்தைப் பார்ப்பதில்லை. நாள் முழுக்கச் சுமை தூக்கினவனைப் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி வரிசையிலா நிறுத்த முடியும்?

பகல் 2.40-க்குப் போய்ச் சேர்ந்தோம். வீடு அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். வெள்ளைச் சுவர், பெரிய ஜன்னல்கள், பின்கதவிலிருந்து பத்தடியில் ஏரி. கட்டையன் வாயைப் பிளந்துவிட்டான்.

"அண்ணே, இவ்ளோ பெரிய வீட்ட இவ்ளோ மலிவா எப்படிண்ணே விட்டான்?"

"கண்ணு வைக்காம கட்டிலப் பிடிடா."

சின்னச் சின்னதாக எதுவோ சரியில்லாமல்தான் இருந்திருக்கிறது. அப்போது மண்டையில் ஏறவில்லை. எங்கள் இரும்பு பீரோவை நாலு பேர் தூக்கினாலும் இடுப்பு கழன்றுவிடும். அன்றைக்கு வெறும் அட்டைப்பெட்டி மாதிரி வந்தது.

"மாமா, நடுவுல யாராச்சும் தாங்குறீங்களா?" என்று பின்னாலிருந்து மச்சினன் கேட்டான்.

நடுவில் யாரும் இல்லை.

நாலு மணிக்கு சோடாபுட்டி பிளாஸ்க்கைத் திறந்து டீ ஊற்றினான். நாங்கள் நாலு பேர். அவன் ஐந்து கப் ஊற்றி வைத்திருந்தான்.

"யாருக்குடா அஞ்சாவது?"

அவன் கப்புகளை விரலால் எண்ணினான். "அஞ்சு பேருன்னுதாண்ணே நெனச்சேன்…"

"கண்ணாடியக் கழட்டித் துடைடா மொதல்ல" என்று ஒரு அதட்டல் போட்டேன். ஐந்தாவது டீயை நானே குடித்தேன்.

ஐந்து மணிக்கு ஏரியிலிருந்து பனி ஏறியது. 5.25-க்குக் கடைசிப் பெட்டி. மச்சினன் அதைத் தூக்கிக்கொண்டு மாடி அறைக்குப் போனான். நான் கீழே ஜன்னல்களைச் சாத்தினேன். பனி மூடியதில் ஐந்தரைக்கே நன்றாக இருட்டிவிட்டது.

5.31. வாசலில் நிற்கிறேன். கையில் பூட்டு. பனியில் வண்டியே தெரியவில்லை. பின்விளக்கின் சிவப்பு மட்டும் மங்கலாக…

"ஆள்!"

"ஒண்ணு."

"ரெண்டு."

ஒரு நொடி சத்தமே இல்லை.

"மூணு."

பூட்டினேன்.

வண்டியில் எனக்குப் பக்கத்தில் கட்டையன். பின்னால் ஒரு நீள சீட். அதற்குத் தனிக் கதவு கிடையாது, முன்சீட்டை மடக்கித்தான் ஏற வேண்டும். சோடாபுட்டி ஏறி உட்கார்ந்திருந்தான். அந்தப் பக்க மூலையில், தலையோடு துண்டைப் போர்த்திக்கொண்டு மச்சினன். வேலை முடிந்ததும் இப்படித்தான் தூங்குவான். யாரும் எழுப்பமாட்டோம்.

5.38-க்குக் கிளம்பினேன். ஊரைவிட்டு வெளியே வர ஏரிக்கு நடுவே ஒரு கரைச்சாலை. ஒன்பது கிலோமீட்டர். ஒரு வண்டி அகலம்தான். இரண்டு பக்கமும் தண்ணீர். திருப்ப இடமே கிடையாது. பனியில் இருபதுக்கு மேல் ஓட்ட முடியவில்லை.

5.52. டாஷ்போர்டில் இருந்த என் போன் அடித்தது.

மச்சினன் நம்பர்.

எனக்குச் சிரிப்புதான் வந்தது. பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டு விளையாடுகிறான் என்று நினைத்தேன். ஸ்பீக்கரில் போட்டேன்.

"என்ன மாப்ள, நக்கலா?"

"மாமா… என்னை விட்டுட்டு எங்க போறீங்க?"

மூச்சு விசிலடித்தது. போனுக்குள்.

"டேய்… எங்கடா இருக்க?"

"மேல் ரூம்ல. கதவு இறுகிக்கிச்சு மாமா. தட்டுனேன். கத்துனேன்…"

"நீதானடா மூணுன்னு சொன்ன!"

"நீங்க கூப்பிட்டது கேட்டுச்சு… நான் வாயத் தெறக்குறதுக்குள்ள… வேற யாரோ சொல்லிட்டாங்க."

கட்டையன் என் தொடையை இறுக்கிப் பிடித்தான். நான் முன்னால் இருந்த கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தேன்.

துண்டு போர்த்திய தலை. அசைவில்லை.

விசிலும் இல்லை.

"சோடாபுட்டி…" குரலைத் தாழ்த்திக் கூப்பிட்டேன். "உன் பக்கத்துல யாரு?"

"நம்மாளுதாண்ணே. தூங்குறான்."

"தொட்டுப் பாரு."

இரண்டு நொடி.

"அண்ணே… ஈரமா இருக்காண்ணே."

போனில் இருமல். நிற்கவே இல்லை.

"இன்ஹேலர் அடிடா மாப்ள! அடிச்சிட்டு உட்காரு!"

"பையில… வண்டியில…"

பை கட்டையன் காலடியில் இருந்தது.

பின்னோக்கி ஓட்டலாமா? ஐந்து கிலோமீட்டர், இந்தப் பனியில், இந்தக் கரையில். சக்கரம் ஒரு முழம் விலகினால் தண்ணீர். இறங்கி ஓடினால் முக்கால் மணி நேரம். கட்டையன் ஆம்புலன்ஸுக்கு அடித்துப் பார்த்தான். அவன் போனில் சிக்னல் இல்லை. முன்னால் போனால்தான் திருப்ப முடியும். மச்சினனைக் காப்பாற்ற வேண்டுமானால் இன்னும் நாலு கிலோமீட்டர் அவனைவிட்டு விலகிப் போக வேண்டும்.

போனேன். வேறு என்ன செய்வது? அழுதுகொண்டே ஓட்டினேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அழுதேன்.

"பேசிட்டே இரு மாப்ள. மாமா வந்துட்டே இருக்கேன்."

"சீக்கிரம் மாமா…"

5.58.

"அண்ணே." சோடாபுட்டி என் சீட்டைத் தட்டினான். "இவன் பேசுறான்."

"என்னடா பேசுறான்?"

"தெரியல… முணுமுணுன்னு… யாருகிட்டயோ பேசுற மாதிரி…"

சாலையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் ஓட்டினேன்.

"சிரிக்கிறாண்ணே."

எனக்கும் கேட்டது.

மச்சினன் சிரிப்பு அது. அதே சிரிப்பு. போனில் அவன் மூச்சுக்குத் திணறுகிறான். பின்னால் அவனே சிரிக்கிறான்.

நான் திரும்பவில்லை.

திரும்ப முடியவில்லை.

6.03. போனில் "மாமா" என்றான். பிறகு விசில்… பிறகு அதுவும் நின்றது.

கட் ஆனது.

பின்னாலும் அமைதி.

6.05. கரை முடிந்தது. பிரேக் போட்டேன். உள்விளக்கைப் போட்டேன். மூன்று பேரும் சேர்ந்து திரும்பினோம்.

சோடாபுட்டி இருந்தான். பக்கத்தில் துண்டு கிடந்தது.

நனைந்திருந்தது.

முன்சீட்டை யாரும் மடக்கவில்லை. கட்டையன் அதில்தான் உட்கார்ந்திருந்தான்.

வண்டியைத் திருப்பினேன். எப்படி ஓட்டினேன் என்று இன்றுவரை தெரியாது. 6.21-க்கு வாசல். இருட்டில் சாவி பூட்டுக்குள் நுழையவில்லை. கட்டையன் ஜாக்கியால் பூட்டை உடைத்தான். மாடிக்கு ஓடினேன்.

அறைக் கதவில் கை வைத்தேன்.

சும்மா திறந்துகொண்டது.

மச்சினன் கதவோரம் கிடந்தான். உதடு நீலம். விரல் நகமெல்லாம் ரத்தம், கதவைப் பிறாண்டியிருக்கிறான். வாயில் இன்ஹேலரை வைத்து அழுத்தினேன். ஒன்றுமில்லை. மறுபடி… மறுபடி… நாலாவது தடவை ஒரு விசில் வந்தது. என் பிள்ளைகள் பிறந்தபோதுகூட நான் அப்படிக் கும்பிட்டதில்லை.

7.40-க்கு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பிழைத்துக்கொண்டான். நாங்கள் அங்கே குடிபோகவில்லை. சாமானை எடுக்கவும் போகவில்லை. பீரோ, கட்டில், பிள்ளைகளின் புத்தகங்கள் எல்லாம் அங்கேயே கிடக்கின்றன. சோடாபுட்டி வேலையை விட்டுவிட்டான்.

இதோடு முடிந்திருந்தால் நான் எழுதியே இருக்கமாட்டேன்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் மனைவி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கதவு இறுகி உள்ளே மாட்டிக்கொண்டான் என்று மட்டும்தான் அவளிடம் சொல்லியிருந்தேன். வேறெதையும் சொல்லவில்லை.

"அன்னைக்கு எவ்ளோ நல்லா சிரிச்சுப் பேசினான் தெரியுமா?" என்றாள். "அதுக்கப்புறம் இப்படி ஆயிடுச்சே…"

"எப்ப பேசினான்?"

"சாயங்காலந்தான். உங்க போன்ல இருந்து."

அவள் போனை வாங்கிப் பார்த்தேன். என் நம்பர். 5.52. பதினோரு நிமிஷம்.

அந்தப் பதினோரு நிமிஷமும் என் போன் என் கண் முன்னால், மச்சினனோடு பேசிக்கொண்டிருந்தது.

"என்ன பேசினான்?" என்று கேட்டேன்.

"வீடு நல்லாருக்கு, சீக்கிரம் வாங்கன்னான். எத்தனை பேரு வர்றீங்கன்னு கேட்டான். அப்புறம்…" அவள் லேசாகச் சிரித்தாள். "பிள்ளைங்க பேரு என்னன்னு கேட்டான். தாய்மாமனுக்குப் பேரு தெரியாதா? கிண்டல் பண்றான்னுதான் நெனச்சேன்."

"நீ என்ன சொன்ன?"

"சொன்னேன். பெரியவ பேரு, சின்னவன் பேரு, ரெண்டையும் சொன்னேன். மறந்துடக் கூடாதுன்னு அவனும் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கிட்டான்."