ஓர்லாவுக்கு முந்திரிப்பருப்பு

டப்ளினில் என் ஆபீஸில் யாருக்கும் சொந்தமாக நாற்காலி கிடையாது. காலையில் முதலில் வருகிறவர் ஜன்னலோரம் பிடிப்பார், பிந்தி வருகிறவர் பாத்ரூம் பக்கம் உட்காருவார். சாயங்காலம் மேசையைத் துடைத்துவிட்டு, வந்து போன சுவடே தெரியாமல் கிளம்ப வேண்டும். எனக்கு இது சீக்கிரமே பழகிவிட்டது. அரியலூரில் இருக்கிற என் அப்பாவுக்குத்தான் இன்னும் பழகவில்லை. எனக்கு மதியச் சாப்பாட்டு நேரம், அவர் வேலை முடிந்து வீடு திரும்பும் நேரம். வீடியோவில் வந்ததும், "எங்க பாப்பா உன் சீட்டு? நேத்து பின்னால ஒரு செடி இருந்துச்சே?" என்பார். அவர் அரசு ஆபீஸ் கிளார்க். சீட்டு என்றால் அவருக்கு வெறும் நாற்காலி இல்லை, உத்தியோகமேதான். தினம் இடம் மாறும் மகளுக்கு உண்மையிலேயே வேலை இருக்கிறதா என்று அவருக்கு உள்ளூர ஒரு சந்தேகம்.

பெரம்பலூரில் இன்ஜினியரிங் படித்து, இங்கே வந்து மேற்படிப்பு முடித்து, ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியின் கிராஜுவேட் புரோகிராமில் சேர்ந்தவள் நான். படிப்பு முடித்தவர்களைச் சேர்த்து, இரண்டு வருஷம் ஒவ்வொரு பிரிவாக உட்காரவைத்து வேலை பழக்குவார்கள். முடிவில் ஏதாவது ஒரு பிரிவில் நிரந்தர இடம். என்னை முதலில், இழப்பீடு கேட்டு வருகிறவர்களைக் கவனிக்கும் கிளெய்ம்ஸில் போட்டார்கள், பிறகு பிரீமியம் கணக்கிடும் பிரிவுக்கு மாற்றினார்கள். சந்தோஷமாக வீட்டுக்குச் சொன்னேன்.

"என்ன தப்பு பண்ண?" என்றார் அப்பா.

"தப்பெல்லாம் இல்லப்பா. இங்க எல்லாரையும் மாத்துவாங்க."

"எல்லாரையுமா? மொத்தமாவா தூக்கி அடிச்சுட்டாங்க?"

சிரித்துவிட்டேன். ஆனால் அவர் பயத்துக்குக் காரணம் இருந்தது. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில், ஒரு மேலதிகாரியிடம் கொஞ்சம் நிமிர்ந்து பேசியதற்காக அவரைப் பெரம்பலூருக்கு மாற்றினார்கள். விடிந்ததும் பஸ் பிடித்துப் போவார், இருட்டி வருவார். அம்மாவுக்கு ஆபரேஷன் ஆனபோது, வீட்டுக்குப் பக்கத்தில் இடம் கொடுங்கள் என்று மனு எழுதிப் போட்டார். கிடைத்தது இன்னும் தள்ளி, பாடாலூர் பக்கம். அதற்குப் பிறகு அவர் எதையும் யாரிடமும் கேட்டதில்லை. யார் எதைச் சொன்னாலும், "எங்க போட்டாலும் சரிங்க சார்" என்பார். அதைத்தான் உலகத்திலேயே மரியாதையான வாக்கியம் என்று நம்பி நான் வளர்ந்தேன். ஊரிலிருந்து வெளியே வந்தவர்களில் பலருடைய பெட்டியிலும் இந்த மாதிரி ஒரு வாக்கியம் இருக்கும்.

மூன்றாவதாக, எண்களை அலசிக் காரணம் தேடும் டேட்டா அனலிடிக்ஸ் பிரிவு. அங்கேதான் வசமாக மாட்டிக்கொண்டேன். குளிர்காலத்தில் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்து வீடு நாசமான கிளெய்ம்களை என்னிடம் கொடுத்தார்கள். எல்லோரும் குளிர் கடுமையான நாட்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கிளெய்ம்ஸில் இருந்தபோது போனில் கேட்ட குரல்கள் நினைவுக்கு வந்தன. அவர்களில் பாதிப் பேர், "இப்போதுதான் அம்மா வீட்டிலிருந்து வந்தோம், கதவைத் திறந்தால் வீடெல்லாம் தண்ணீர்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். விடுமுறை நாட்களைச் சேர்த்துப் பார்த்தேன். பெரிய சேதமெல்லாம் ஆளில்லாத வீடுகளில். பண்டிகைக்கு ஊருக்குப் போனவர்கள் இந்த ஊரிலும் இருக்கிறார்கள், எண்களுக்குள்ளே பெட்டியும் கையுமாக நிற்கிறார்கள் என்று தெரிந்தபோது எனக்கு அந்த வேலை மேல் அப்படி ஒரு ஆசை வந்தது. எனக்கு இதுதான் வேண்டும், வேறெதுவும் வேண்டாம்.

அந்த நேரம் பார்த்துத்தான் ஓர்லா கூப்பிட்டார். எங்கள் புரோகிராமை நடத்துகிறவர், யாரை எங்கே நிரந்தரமாக அமர்த்துவது என்று முடிவு செய்கிறவர். அம்மா வயது. பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், எனக்கு இன்றைக்கும் நாக்கு கூசும்.

"எந்தப் பிரிவில் இருக்க விரும்புகிறாய்?" என்று கேட்டார்.

"நீங்கள் எங்கே போட்டாலும் சந்தோஷம்" என்றேன். அப்பாவின் குரல் என் வாயிலிருந்து வந்தது. ஓர்லா தலையாட்டி, எதையோ டைப் செய்துகொண்டார். நல்ல பெண் என்று எழுதிக்கொள்கிறார் என நினைத்தேன்.

அடுத்த மாதம், உத்தேசமாக என்னைக் கிளெய்ம்ஸில் போட்டிருப்பதாக மெயில் வந்தது. அனலிடிக்ஸில் இருந்த ஒரே இடத்துக்கு இன்னும் ஆள் முடிவாகவில்லையாம். அப்பாவிடம் சொன்னால் என்ன சொல்வார் என்று தெரியும், அதனால் சொல்லவில்லை. இடம் கேட்டால் இருப்பதும் போய்விடும் என்ற பயத்தோடு, பாடாலூர் பஸ்ஸை மனதில் நினைத்துக்கொண்டே ஓர்லா முன்னால் போய் நின்றேன். எனக்கு அனலிடிக்ஸ்தான் வேண்டும் என்றேன்.

"உனக்கு எதிலும் தனி விருப்பம் இல்லை என்றல்லவா நினைத்தேன்? எங்கே போட்டாலும் சந்தோஷம் என்றாயே."

"அது மரியாதைக்குச் சொன்னது."

"யாருக்கு மரியாதை?" என்று கேட்டார். கிண்டல் இல்லை, நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை. அந்தப் பிரிவின் தலைவரிடம் பேச ஏற்பாடு செய்தார். குழாய் வெடித்த கதையை அவரிடம் சொன்னேன். வெள்ளிக்கிழமை இடம் எனக்கு என்றாகிவிட்டது. இவ்வளவுதானா என்று இருந்தது. அப்பாவை நினைத்துக் கொஞ்சம் அழுகையும் வந்தது.

போனில் சொன்னபோது அவர் நம்பவே இல்லை. "யாரு சொல்லிக் கெடச்சுது?"

"யாரும் சொல்லலப்பா. நானே கேட்டேன்."

"வாயால கேட்டா குடுத்துடுவாங்களா? அந்தம்மாவுக்குப் பெரிய மனசு. நம்ம சும்மா இருக்கக் கூடாது" என்றார். அடுத்த மாதமே, பெரம்பலூரிலிருந்து இங்கே வேலைக்குத் திரும்பிய ஒரு நர்ஸ் அக்காவின் பெட்டியில், உடையார்பாளையம் மாமாவின் கொல்லையில் விளைந்த முந்திரிப்பருப்பு வந்து சேர்ந்தது. பொட்டலத்தின் மேல் அப்பாவின் கையெழுத்தில் 'ஓர்லா மேடம்' என்று இருந்தது.

எங்கள் கம்பெனியில் ஒரு கட்டாயப் பயிற்சி உண்டு. செய்த உதவிக்குக் கைம்மாறாக எதையும் கொடுக்கவோ வாங்கவோ கூடாது. கொடுத்தால் ஓர்லாவுக்குச் சங்கடம், கொடுக்காவிட்டால் அப்பாவுக்கு அவமானம். இரண்டு பேருமே நல்லவர்கள் என்பதுதான் என் கஷ்டம். கடைசியில், லீவுக்கு ஊருக்குப் போய் வருகிறவர்கள் ஆபீஸ் சமையலறையில் எல்லோருக்கும் பொதுவாக மிட்டாய் வைப்பார்களே, அந்த வழக்கத்தைப் பிடித்துக்கொண்டேன். பருப்பை நெய்யில் வறுத்து, மிளகுப்பொடி தூவி, ஒரு பெரிய கிண்ணத்தில் வைத்துவிட்டு வெளியே வந்தேன். அந்த நேரம் அப்பா கூப்பிட்டார்.

"குடுத்துட்டியா?"

கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். ஓர்லா வந்து நாலைந்து பருப்பை வாயில் போட்டுக்கொண்டார்.

"சாப்புடுறாங்கப்பா."

"அப்பாடா. இனிமே உன்ன எங்கயும் மாத்த மாட்டாங்க." உடனே அம்மாவைக் கூப்பிட்டு அதையே சத்தமாகச் சொன்னார். அம்மா சிரிப்பது கேட்டது. கதவுக்கு அந்தப் பக்கம் ஓர்லா, தன்னிடம் ஒரு குடும்பமே நன்றி சொல்லிக்கொண்டிருப்பது தெரியாமல், இன்னொரு கை அள்ளிக்கொண்டிருந்தார்.