ஒரு கோட்டு பாலிஷ்

கஜபதி கண்ணாடித் துண்டின்மேல் ஆட்டுத்தோலை வைத்து ஓரத்தைக் கத்தியால் சீவிக்கொண்டிருந்தார். வெங்காயச் சருகு அளவுக்கு மெலிய வேண்டுமாம். அதற்குள் இவர் மெலிந்துவிடுவார் என்றாள் அவர் மனைவி சொர்ணம்.

ஆவடித் தொழிற்சாலையில் ராணுவ பூட்ஸ்களைச் சோதித்து முத்திரை குத்திய மனிதர். பளபளக்காத தோல் அவர் கண்ணுக்குக் குற்றவாளி. தொண்ணூற்றிரண்டாம் வருஷம் ஓய்வு பெற்றதும், அவர் வீட்டு மாடியில் குடியிருக்கும் நர்ஸான நான் ரத்த அழுத்தத்துக்கு நடக்கச் சொன்னேன். அவர் ரயிலேறிப் போய், பழைய புத்தகங்களின் தோல் பைண்டிங்கைப் பழுதுபார்க்கும் வகுப்பில் சேர்ந்துகொண்டார். பழைய தோலைப் புதிதாக்கக் கூடாது, இருக்கிறபடியே நிற்க வைக்க வேண்டும் என்பது அங்கே முதல் பாடம். அதை எங்களுக்கும் ஓதினார், பெரும்பாலும் நாங்கள் சாப்பிடும்போது.

எதிர்வீட்டு அன்னம்மாள் தன் தாயின் பைபிளைக் கொடுத்தாள். முதுகு கிழிந்து தோல் அட்டை தொங்கியது. மகள் கல்யாணத்தில் அதை ஏந்தித்தான் ஜெபம் செய்ய வேண்டும். மேலட்டையில் தாயின் கட்டைவிரல் பட்டுப்பட்டு வெளுத்த இடம் ஒன்று உண்டு. தாயின் போட்டோகூட இல்லாத அவள், அந்த இடம் அப்படியே இருக்க வேண்டும் என்று சொல்லித்தான் கொடுத்தாள்.

புதுத் தோலைப் பழையதற்கு அடியில் செருகி, மைதாப் பசையால் ஒட்டி, நாடாவால் கட்டிக் காயவைத்தார். அந்த வேலையில் குறை கண்டுபிடிக்க முயன்றேன், முடியவில்லை.

கல்யாணத்துக்கு முந்தைய மாலை அவருக்குக் கை அரித்தது. இவ்வளவு மங்கலாகவா கொடுப்பது? பழுப்பு பூட்ஸ் பாலிஷ் ஒரு கோட்டு போட்டார். காய்ந்த தோல் அத்தனையையும் குடித்துத் தார்போலக் கறுத்தது. துடைக்கத் துடைக்கக் கையில் ஒட்டியது.

வாங்க வந்த அன்னம்மாள் அட்டையைத் தடவித் தேடினாள்.

“பைபிள் குடுத்தேன் அண்ணாத்தே, நீ பூட்ஸு குடுக்குற. எங்கம்மா கை வெச்ச எடம் எங்க கீது?”

கஜபதி கறுத்த விரல்களை வேட்டியில் துடைத்தார். “உள்ளாறதாம்மா கீது,” என்றார்.

“அப்ப நாளைக்கு நீயே தூக்கிகினு வா. எம் பட்டுப் பொடவைல ஒட்டும்.”

மறுநாள் காலை நெற்றி நிறைய விபூதியோடு, வெள்ளைச் சட்டையோடு, கஜபதி சர்ச்சின் முதல் பெஞ்சில் பைபிளை மார்போடு அணைத்து உட்கார்ந்திருந்தார். ஜெபத்துக்கு எழுந்தபோது சட்டையில் சதுரமாகக் கறை. அன்னம்மாள் அதைப் பார்த்தாள். புத்தகத்தை வெடுக்கென்று வாங்கி, இப்போது கண்ணுக்குத் தெரியாத அந்த இடத்தில் சரியாகக் கட்டைவிரலை அழுத்தி ஜெபம் செய்தாள். பிறகு நான் சோப்புப் போட்டுத் தேய்த்தும் அவள் விரல் வெளுக்கவில்லை. அந்த விரலோடுதான் பந்தியில் எல்லாரையும் விசாரித்தாள். கஜபதிக்கு மட்டும் இரண்டாம் முறை பிரியாணி வைக்கச் சொல்லவில்லை.